பொன்னின் நிறம் யாது?

நனோ இரசாயனம் என்னும் பாடத்தைப் பல்கலைக்கழக மாணவர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு முதன்முதலாக என்னிடம் வந்தபோது நான் செய்த பெரும் பிழை, அப்பாடத்தை ஒரு சொல்லிலிருந்து தொடங்கியமையே ஆகும்.

கரும்பலகையில் ‘நனோ’ என்று எழுதினேன். கிரேக்க மொழியிலே குறளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது என்றேன். ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறே நனோமீற்றர் என்றும், மனிதனின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் என்றும், 1 முதல் 100 நனோமீற்றர் வரையான பருமனுடையவையே நனோதுணிக்கைகள் என்றும் வரையறுத்துக் கூறினேன். 1959 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆந் திகதி கலிபோர்ணியாவில் ரிச்சாட் பைன்மன் ஆற்றிய உரையையும், 1974 இல் ஜப்பானியரான நோரியோ தனிகுச்சி ‘நனோ தொழினுட்பம்’ என்னும் பெயரை வழங்கியதையும் எடுத்துரைத்தேன். மாணவர்கள் தலை நிமிராது எழுதிக்கொண்டார்கள். அவ்வமைதியை ஆர்வம் என்று பிழைபட எண்ணி நான் மகிழ்ந்தேன்.

தவணை முடிவிற் பரீட்சை வந்தது. நான் கொடுத்த வினாக்களுள் ஒன்று இது: ஒரு பொற்றுண்டை 15 நனோமீற்றர்ப் பருமனுள்ள துணிக்கைகளாக்கி நீரிலே பரப்பினால், அதன் நிறம் யாதாகும்? ஏறக்குறைய எல்லாரும் ஒரே விடையையே எழுதியிருந்தார்கள். பொன்னின் நிறம் மஞ்சள். நிறமும் அடர்த்தியும் உருகுநிலையும் பதார்த்தத்தின் அளவைச் சார்ந்தவையல்ல. ஆகவே எத்துணை சிறிதாயினும் பொன் மஞ்சளாகவே இருக்கும்.

விடை பிழை. ஆயினும் அவ்விடையிலே தருக்கப் பிழை எதுவும் இல்லை என்பதைக் காண எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒரு குடம் நீரும் நூறு பாகையிற் கொதிக்கும், ஒரு கரண்டி நீரும் நூறு பாகையிற் கொதிக்கும் என்று பாடசாலையிலே நாம்தானே அவர்களுக்குக் கற்பித்தோம்? அளவைச் சாராத இயல்புகளைக் கொண்டே ஒரு பதார்த்தத்தை இனங்காண வேண்டும் என்றும் நாமே சொன்னோம். அவ்விதிக்குக் கீழே ஓர் எல்லை உண்டு என்பதை மட்டும் சொல்லாது விட்டோம். நனோ இரசாயனத்தின் சாரமே அந்த எல்லைக்கு அப்பால் உள்ளது. நானோ அதை விடுத்து, குறளன் கதையும் தலைமயிர்க் கதையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு மாணவி வேறு விதமாக எழுதியிருந்தாள். அவள் பொற்கொல்லர் ஒருவரின் மகள் என்பதைப் பின்னர் அறிந்தேன். “என் தந்தையார் பொன்னை உரைகல்லிலே தேய்த்து அதன் நிறத்தைப் பார்த்தே மாற்றுச் சொல்வார். நிறம் மாறிவிடுமாயின் அது பொன்தான் என்று எவ்வாறு அறிவது?” என்பதே அவள் எழுதிய விடை. வினாவுக்கு விடையாக வினாவை எழுதியவருக்குப் புள்ளி வழங்கப் பரீட்சை விதிகளில் இடமில்லை. ஆனால் அந்த விடைத்தாட் கட்டு முழுவதிலும் தன் சொந்தச் சிந்தனையால் எழுதப்பட்ட வரி அது ஒன்றே.

அடுத்த ஆண்டு நான் விரிவுரை மண்டபத்துக்கு மாணவர்களை அழைக்கவில்லை, ஆய்கூடத்துக்கு அழைத்தேன். நனோ என்ற சொல்லை அன்று உச்சரிப்பதில்லை என்றும் எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

பரிசோதனை மிக எளியது. பொன்னின் குளோரைட்டுச் சேர்வையை நூற்றுக்கு 0.01 என்ற செறிவிற் கரைத்து, 50 மில்லிலீற்றர் கரைசலைக் கண்ணாடிக் குடுவையில் இட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். அக்கரைசலில் உள்ள பொன்னின் நிறை ஏறத்தாழ இரண்டரை மில்லிகிராம். நம் வீடுகளில் வழங்கும் கணக்கிற் சொன்னால் ஒரு பவுணின் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கரைசல் வெளிர்மஞ்சளாய் இருக்கும். அது நன்கு கொதிக்கும்போது, நூற்றுக்கு 1 என்ற செறிவுள்ள சோடியஞ் சித்திரேற்றுக் கரைசலில் 1 மில்லிலீற்றரை விரைவாக ஊற்ற வேண்டும். சித்திரேற்று வேறொன்றுமன்று, தேசிக்காய்க்குப் புளிப்பைக் கொடுக்கும் அமிலத்தின் உப்பு.

முதலில் மஞ்சள் நிறம் மறைந்து கரைசல் நீர்போலத் தெளிகிறது. ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று யாராவது ஒருவர் சொல்வார், ஒவ்வோராண்டும் சொல்கிறார்கள். அந்த வாய் மூடுமுன்னரே குடுவையிற் சாம்பல் கலந்த நீலம் படர்கிறது. அது கறுத்து, ஊதாவாகி, ஒரு சில நிமிடங்களில் மாதுளம் முத்தின் நிறம் பெறுகிறது. அடுப்பை அணைத்தபின்னும் அந்தச் செம்மை மங்குவதில்லை. குடுவையைச் சாளரத்தின் எதிரே பிடித்துப் பார்க்கும் மாணவர் முகங்களிலும் அச்செந்நிறம் விழும். இருபது ஆண்டுகள் விரிவுரையாற்றியும் நான் காணாத அமைதியை அன்று கண்டேன். இம்முறை யாரும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

“இதிற் பொன் எங்கே?” என்று கேட்டேன். “கரைந்திருக்கிறது” என்றார்கள். செந்நிறச் சாயம் கலந்த நீர்க் குடுவை ஒன்றையும் அருகில் வைத்து, இரண்டினூடும் ஒளிக்கற்றை ஒன்றைச் செலுத்தச் சொன்னேன். சாய நீரில் ஒளி சென்ற வழி தெரியவில்லை. பொன் நீரிலோ, தூசி நிறைந்த அறைக்குள் ஓட்டை வழியே நுழையும் காலைக் கதிர்போல, ஒளியின் பாதை துலங்கிற்று. கரைந்த பொருள் அவ்வாறு ஒளியைச் சிதறாது. ஆகவே உள்ளே இருப்பது கரைசலன்று. கண்ணுக்குத் தெரியாத திண்மத் துணிக்கைகளின் பெருங்கூட்டம். இம்முடிவுக்கு மாணவர்கள் தாமே வந்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு பழைய மனிதரை நினைக்காமல் அப்பாற் செல்ல எனக்கு மனமில்லை. புத்தகங்கட்டும் தொழில் பயிலச் சென்று, கட்டவந்த நூல்களைப் படித்தே விஞ்ஞானியான மைக்கேல் பரடே, தமது அறுபத்தைந்தாம் வயதில் இதே செந்நீரின் முன் நின்றார். மின்னையும் காந்தத்தையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற பின்னர் அவர் எடுத்துக்கொண்ட பொருள், பொன்னுக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பு. பொன்னை அடித்து மெலிவித்த தகட்டினூடே ஒளியைப் பார்த்தார். மஞ்சளாய்ப் பளபளக்கும் அத்தகடு, ஊடுருவும் ஒளியிற் பச்சையாய்த் தெரிந்தது. பின்னர்ப் பொன்னின் கரைசலைப் பொசுபரசினாற் தாழ்த்திச் செந்நீர் பெற்றார். அதனூடே ஒளிக்கூம்பைச் செலுத்திப் பார்த்து, உள்ளிருப்பது மிக நுண்ணிய உலோகப் பொன்னே என்று துணிந்தார். 1857 ஆம் ஆண்டு பெப்ரவரி 5 ஆந் திகதி இலண்டன் வேத்தியற் கழகத்தில் அவர் இதனை உரைத்தபோது, அத்துணிக்கைகளைக் காட்டவல்ல கருவி உலகில் எங்கும் இருக்கவில்லை. இலத்திரன் நுணுக்குக்காட்டி பிறப்பதற்கு இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. காணாமலே கண்டவர் அவர். அவர் செய்துவைத்த செந்நீர்ப் போத்தல்கள் இலண்டனிலுள்ள ரோயல் இன்ஸ்டிற்றியூசனில் இன்றும் நிறம் மாறாது இருக்கின்றன.

மாணவர்கள் செய்த சித்திரேற்று முறை பரடேயினுடையதன்று. 1951 இல் தேர்கெவிச், ஸ்ரீவன்சன், ஹில்லியர் என்னும் மூவர் அமெரிக்காவில் அதை நுணுகி ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி இருந்தது. அதனால் அவர்கள் துணிக்கைகளைக் கண்ணாற் கண்டு அளந்தார்கள். அவ்வாய்வு வெளிவந்தது பரடேயின் பெயர் தாங்கிய சங்கத்தின் ஏட்டிலேயே. 1973 இல் ஃபிரென்ஸ் என்பவர், சித்திரேற்றின் அளவைக் குறைத்தால் துணிக்கையின் பருமன் கூடும் என்று காட்டினார். 1 மில்லிலீற்றர் சேர்த்தால் ஏறத்தாழ 16 நனோமீற்றர், 0.5 சேர்த்தால் 40 அளவில், 0.3 சேர்த்தால் 70 அளவில். எங்கள் ஆய்கூடத்தில் மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து இம்மூன்றையும் செய்கிறார்கள். செம்மை படிப்படியாக ஊதாவை நோக்கிச் சாய்கிறது. பொன் அதே பொன்; நீர் அதே நீர்; மாறியது பருமன் ஒன்றே. மேசையில் வரிசையாக நிற்கும் மூன்று குடுவைகளும் என் பழைய விரிவுரைகள் அனைத்தையும்விடத் தெளிவாகப் பேசுகின்றன.

ஒரு குழுவின் குடுவையில் முதலாண்டு செம்மை தோன்றவேயில்லை. கருநீல வண்டலே அடியிற் படிந்தது. குடுவையைச் சரிவரக் கழுவாமையே காரணம். ஐதரோகுளோரிக் கமிலம் மூன்று பங்கும் நைத்திரிக் கமிலம் ஒரு பங்கும் சேர்ந்த அரசநீராற் கழுவி, காய்ச்சி வடித்த நீரால் அலசவேண்டும் என்று சொல்லியிருந்தேன். அரசநீரைக் கையாள அஞ்சி அவர்கள் சவர்க்காரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் கடிந்துகொண்டேன். பின்னர் யோசித்துப் பார்க்கையில், அன்று மற்றெல்லாரினும் கூடுதலாகக் கற்றவர்கள் அவர்களே என்று தோன்றிற்று. கண்ணுக்குத் தெரியாத ஓர் அழுக்கு, இவ்வளவுலகில் மலைக்கு ஒப்பானது.

இனி, பொன் ஏன் சிவந்தது?

உலோகத்தினுள்ளே இலத்திரன்கள் கட்டுப்பாடின்றி உலவுகின்றன. பெரிய கட்டியில் அவை கரை காணாக் கடல். 15 நனோமீற்றர்த் துணிக்கையிலோ மொத்தம் இருப்பது ஏறத்தாழ ஓர் இலட்சம் அணுக்கள். அக்கடல் ஒரு சிறு கிண்ணத்துள் அடங்கிவிடுகிறது. ஒளி அலை வந்து தாக்கும்போது அவ்விலத்திரன்கள் யாவும் ஒருங்கே இப்பக்கமும் அப்பக்கமும் ஆடுகின்றன. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் உந்தினால் அது உயர்ந்து எழும்; தருணந் தவறி உந்தினால் எழாது. பொற்றுணிக்கையின் ஊஞ்சலுக்குத் தக்க தருணம், ஏறத்தாழ 520 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளி. அவ்வொளி உறிஞ்சப்படுகிறது, எஞ்சிய செம்மை நம் கண்ணை வந்தடைகிறது. 1908 இல் ஜேர்மானியரான குஸ்தாவ் மீ இதனைக் கணிதத்தால் நிறுவினார்.

பாடநூல்கள் சில இதனையும் குவாண்டம் புள்ளிகளின் நிறத்தையும் ஒரே பந்தியில் வைத்துக் குழப்புகின்றன. அவை வேறு வேறு. கட்மியஞ் செலனைட்டு போன்ற குறைகடத்திகளின் நுண்மணிகளில், இலத்திரன் நெருக்குண்டு அதன் சத்திப்படிகளே விலகிச் செல்கின்றன. மணி சிறுத்தால் நீலமும் பெருத்தால் செம்மையும் ஒளிர்கின்றன. எக்கிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023 இல் இரசாயனத்துக்கான நோபெற் பரிசு கிடைத்தது இதற்கே. பருமன் நிறத்தை ஆளுகிறது என்பது இரண்டுக்கும் பொது. ஆளும் முறை வேறு. இவ்வேறுபாட்டைச் சொல்லத் தெரியாத மாணவர் நனோ இரசாயனம் கற்றதாக நான் கொள்வதில்லை.

செந்நீர் கையில் இருக்கையிலேயே செய்யவேண்டிய இன்னொரு காரியம் உண்டு. ஒரு சோதனைக் குழாயிற் சிறிது செந்நீர் எடுத்து, அதிற் கறியுப்புக் கரைசல் சில துளிகளை இடச் சொல்கிறேன். கணப்பொழுதில் அது நீலமாகிறது. வேறொரு குழாயிற் சீனிக் கரைசலை இட்டால் யாதும் நிகழ்வதில்லை. துணிக்கை ஒவ்வொன்றின் மேலும் சித்திரேற்று ஒட்டி எதிரேற்றம் ஊட்டியிருக்கிறது. அதனால் அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. உப்பின் அயன்கள் அவ்வேற்றத்தை மறைக்கவே, அவை நெருங்கித் திரள்கின்றன. ஊஞ்சலின் தருணமும் மாறிவிடுகிறது. சீனிக்கு ஏற்றம் இல்லை. உப்பினால் நேரும் இம்மாற்றத்தைப் பரடேயும் கண்டிருந்தார். 2020 இல் வந்த பெருந்தொற்றுக் காலத்தில், மூக்கிலிருந்து எடுத்த சளியைப் பரிசோதிக்கும் பட்டியிலே செங்கோடு தோன்றுகிறதா என்று அஞ்சிப் பார்த்திருந்தோமே, அத்தகைய பட்டிகள் பலவற்றில் அக்கோடு இந்தப் பொற்றுணிக்கைகளின் கோடேதான். இதைச் சொன்னபோது வகுப்பில் எழுந்த வியப்பொலியை மறக்கமுடியாது.

நிறம் ஒன்றே மாறுகிறது என்று எண்ணற்க. ஒரு சென்ரிமீற்றர்க் கனக்கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே ஒரு நனோமீற்றர்க் கனங்களாக அறுத்தால் மேற்பரப்பு 6000 சதுர மீற்றர் ஆகும். தாக்கங்கள் நிகழ்வது மேற்பரப்பிலேயாகையால், நடுவே மறைந்து கிடந்த அணுக்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன எனலாம். எதனோடும் சேராத மேன்மகன் என்று நாம் போற்றும் பொன், உலோக ஒட்சைட்டுகளின் மேல் ஒரு சில நனோமீற்றர்ப் பருமனில் அமரும்போது, காபனோரொட்சைட்டை உறைகுளிரிலும் எரிக்கும் ஊக்கியாகிறது. ஜப்பானில் மசத்தாகே ஹருத்தா 1987 இல் வெளியிட்ட ஆய்வு இதுவாகும். உருகுநிலையும் அவ்வாறே: கட்டிப் பொன் 1064 பாகையில் உருகும், இரண்டு மூன்று நனோமீற்றர்த் துணிக்கை அதற்குப் பல நூறு பாகை முன்னரே இளகிவிடும்.

இத்தறுவாயில் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. “சேர், நம் சித்தர்கள் தங்கபற்பம் செய்தார்களே, அவர்கள் நனோ அறிந்தவர்கள் அல்லவா?” கேட்பவரின் கண்ணில் ஒரு பெருமிதம் இருக்கும். அதை ஏளனஞ் செய்வது ஆசிரியனுக்கு அழகன்று. ஆமோதித்துக் கைதட்டல் பெறுவதும் நேர்மையன்று. பொற் பற்பங்கள் சிலவற்றை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தோர் அவற்றிலே நனோ அளவுத் துணிக்கைகளைக் கண்டிருக்கிறார்கள் என்று சொல்கிறேன். உடனே உரோமரின் லைகர்கஸ் கிண்ணத்தையும் சொல்கிறேன். நாலாம் நூற்றாண்டிற் செய்யப்பட்ட அக்கண்ணாடிக் கிண்ணம், வெளியேயிருந்து ஒளி பட்டாற் பச்சை. உள்ளேயிருந்து ஒளி வந்தாற் சிவப்பு. பிரித்தானிய நூதனசாலையில் இருக்கும் அதன் கண்ணாடியிற் பொன்னும் வெள்ளியும் கலந்த, ஏறத்தாழ 70 நனோமீற்றர்த் துணிக்கைகள் உள்ளன. அந்தக் கண்ணாடிக் கைவினைஞனுக்கு நனோ தெரியுமா? செய்யத் தெரிந்திருந்தது. ஏன் அவ்வாறு ஆகிறது என்பதும், பருமனை மாற்றி நிறத்தை விரும்பியவாறு பெறுவதும் வேறு அறிவு. நம் முன்னோர்க்கும் அவ்வளவு மதிப்பைக் கொடுப்போம். அதற்கு மேல் அவர்கள் கேட்கவும் இல்லை.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எம்மிடம் வருவோர் உயர்தர வகுப்பு வரை தமிழிலே இரசாயனங் கற்றவர்கள். பல்கலைக்கழகத்தில் ஒரே நாளில் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகின்றன. அவ்வேளையில், விளங்காத சொல்லை மந்திரம்போல உச்சரித்துத் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் தோன்றுகிறது. நனோ என்ற சொல் அதற்கென்றே வார்த்தெடுத்தது போல் இருக்கிறது. ஆய்கூட மேசையருகே நான் விதியை மீறித் தமிழிலே பேசுகிறேன். துணிக்கை, மேற்பரப்பு, ஏற்றம், திரளல் என்று அவர்களிடம் ஏற்கெனவே உள்ள சொற்களாலேயே முழுவதையும் விளக்கிவிட முடிகிறது. ஆங்கிலப் பெயர்கள் பின்னர் வந்து தத்தம் இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. 1960 இல் அனைத்துலக அலகு முறையில் இடம்பெற்ற ‘நனோ’ என்னும் முன்னொட்டை மட்டும் நான் மொழிபெயர்க்க முயல்வதில்லை. கிலோவையும் மில்லியையும் நாம் மொழிபெயர்த்தோமா?

இப்பாடம் நம் நாட்டுக்குப் புறம்பான ஆடம்பரம் என்பாரும் உளர். 2008 இல் நிறுவப்பட்டு ஹோமாகமையில் இயங்கும் இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள், எலும்பிலுள்ள கனிப்பொருளை ஒத்த ஐதரொட்சி அபதைற்று நனோதுணிக்கைகளில் யூரியாவைப் பிணைத்து, நைதரசன் மெல்ல மெல்ல வெளிவரும் பசளை ஒன்றை 2017 இல் அறிவித்தார்கள். நெல்வயற் பரிசோதனையில் யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நல்ல விளைச்சல் கண்டதாக அவ்வறிக்கை கூறுகிறது. புல்மோட்டைக் கரையின் இல்மனைற்று மணலில் தைத்தேனியம் இருக்கிறது; அதன் ஒட்சைட்டு நனோ வடிவிற் பெறும் விலைக்கும் மணலாய்ப் பெறும் விலைக்கும் உள்ள தூரத்தைக் கடப்பது இரசாயனம் கற்றவரின் வேலை. கடைகளில் ‘நனோ’ என்று அச்சிட்டு விற்கும் பொருள்களைக் கண்டு மயங்காதிருக்கவும் அதே கல்வி வேண்டும். இதே தைத்தேனிய ஒட்சைட்டை உணவுக்கு வெண்மையூட்டும் பொருளாகப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் தடைசெய்தது. சிறிதானவை எல்லாம் தீங்கற்றவை என்று யாரும் நமக்கு எழுதித் தரவில்லை.

பொற்கொல்லர் மகளின் கதைக்கு வருகிறேன். தான் எழுதிய வினாவை அவள் மறக்கவில்லை. இறுதியாண்டில், எங்கள் பரிசோதனைக் கழிவுகளையெல்லாம் கொட்டாமல் ஒரு பெரிய போத்தலிற் சேர்க்கத் தொடங்கினாள். அதில் உப்பிட்டுத் திரளச் செய்து, வடிகட்டி, கழுவி, உலர்த்தினாள். ஈராண்டுக் கழிவிலிருந்து கிடைத்தது வடிதாளில் ஒட்டிய ஒரு கரும்பொடி. பட்டமளிப்பு விழாவுக்கு முன்தினம் தன் தந்தையாரை ஆய்கூடத்துக்கு அழைத்து வந்தாள். அவர் மடியில் ஒரு சிறு துணிப்பை இருந்தது.

மகள் செந்நீர்க் குடுவையைக் காட்டி இது பொன் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். மறுத்துப் பேச மரியாதை இடங்கொடுக்கவில்லைப் போலும். பின்னர்க் கரும்பொடியை வாங்கித் தாம் கொண்டுவந்த மூசையில் இட்டு, சிறிது வெங்காரந் தூவி, எங்கள் பன்சன் சுடரை ஊதுகுழலாற் கூராக்கி அதன்மேற் பாய்ச்சினார். பொடி சுருங்கிற்று, கசிந்தது, திடீரென ஒன்றுகூடி, கடுகிலும் சற்றுப் பெரிய ஒரு மணியாய் உருண்டது. ஆறியதும் அதைக் குறட்டாற் பற்றி, துணிப்பையிலிருந்து எடுத்த உரைகல்லிலே ஒருமுறை இழுத்தார். கல்லைச் சாளரத்து வெளிச்சத்தில் நெடுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“மஞ்சள்தான் ஐயா. மாற்றும் குறையவில்லை” என்றார். பிறகு குடுவையை மீண்டும் கையில் எடுத்து, “இதை இன்னொரு முறை என் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள்” என்றார். மகள் அடுப்பை மூட்டினாள்.